ஆக்கிரமிப்புச் செடிகளுக்குக் கொள்கை எழுதுவது எப்படி: கரிமூட்டம் போடுபவரையும் கூட்டத்தில் உட்காரவைத்து

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய்ச் சீரமைப்பு வேலைகளில் பல வருஷம் இருந்தேன். பிறகு கூடலூர், கொடைக்கானல் பகுதிகளில் ஊர்க் கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்கும் வேலை பார்த்தேன். சமவெளியில் சீமைக்கருவேலம், மலையில் உண்ணிச்செடி என்ற லாந்தனாவும், சீகை என்ற வாட்டில் மரமும், மஞ்சள்கொன்றையும். எங்கிருந்தோ வந்த செடி நிலத்தைப் பிடித்துக்கொண்டபின், அதை என்ன செய்வது என்று அரசு எழுத உட்காருகிறது. அப்படி எழுத உட்காரும் அலுவலர்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனப் பிள்ளைகளுக்கும், கருத்துக் கேட்பு என்று கடிதம் வந்தால் என்ன பேசுவது என்று யோசிக்கும் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசு 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் வாழிட மீட்டெடுப்புக்கும் என்று தனிக் கொள்கை வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் ஒரு மாநிலத்துக்கான கொள்கை தரைக்கு வரும்போது மாவட்டத்துக்கு மாவட்டம், ஏன், கண்மாய்க்குக் கண்மாய் மறுபடி எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னது. ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. முறையான ஆய்வு இல்லாமல் இப்படி அகற்றலாமா என்று வேறு வழக்கு வந்து, அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில், தூரை விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டிய இடங்களிலெல்லாம் அது ஒன்றுக்கு நாலாகத் தழைத்தது.

‘அகற்று’ என்ற ஒரே ஏவலை வைத்துக் கொள்கை எழுத முடியாது. செடி, அது நிற்கும் இடம், அதை வைத்துப் பிழைக்கும் ஆள் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதி, அந்த வரிக்கு ஒரு முடிவு, அடுத்த வரிக்கு வேறு முடிவு என்று போக வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் பக்கத்தில் செடியின் வரலாறு

சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலத்து மரம். 1870-களில் வெள்ளைக்கார வன அதிகாரிகள் விறகுக்காக விதை தருவித்து, அன்றைய சென்னை மாகாணத்தில் ஊன்றினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் வறண்ட மாவட்டங்களின் விறகுப் பஞ்சம் தீர அரசே அதைப் பரப்பியது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சீகை எனப்படும் வாட்டில் மரத்தைப் புல்வெளிகளில் நட்டதும் வனத்துறைதான். தோல் பதனிடப் பட்டை வேண்டும், எரிக்க விறகு வேண்டும். உண்ணிச்செடி 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. முதுமலையைப் பிடித்திருக்கும் மஞ்சள்கொன்றையும் பூவுக்கும் நிழலுக்கும் கொண்டுவரப்பட்டதே.

இதையெல்லாம் கொள்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். எந்த ஆண்டு, யார் நட்டது, எதற்காக. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் வயதான ஒருவர் எழுந்து, “எங்கப்பன் காலத்துல கவர்மென்டுதான் வெதையக் குடுத்துச்சு. இப்ப வெட்டலேன்னா அவராதம்ங்கறீங்க. அப்ப நட்டதுக்கு அவராதம் யாருக்குய்யா?” என்றார். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத வரைக்கும் கூட்டம் நகராது. ‘நாங்கள் நட்டோம், இன்ன காரணத்துக்கு நட்டோம், இன்னது நடந்துவிட்டது’ என்று அரசு ஒப்புக்கொண்டபின் அதே பெரியவர் வரைபடத்தின் முன் குந்தி, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் எந்த வரத்துக்கால் வழியாக அந்த மரத்தின் முற்றிய காயான நெற்று முதலில் வந்தது என்று விரல் வைத்துக் காட்டினார்.

கென்யாவில் இது நீதிமன்றம் வரை போனது. பாரிங்கோ ஏரிப் பக்கம் 1980-களில் விறகுத் திட்டத்தின் பெயரில் இதே மரத்தை நட்டார்கள். நெற்றைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் போய்விட்டது என்று மேய்ச்சல்காரர்கள் 2006-ல் அரசின் மேலேயே வழக்குப் போட்டார்கள். பல்லில்லாத ஆட்டையும் நீதிமன்றத்துக்கு ஓட்டிப் போனார்கள். கருத்துக் கேட்காமல் நட்டதற்குப் பின்னாளில் இப்படித்தான் கருத்து வந்து சேர்கிறது.

யாரைக் கூப்பிடுவது

அலுவலகத்தில் உட்கார்ந்து அழைப்புப் பட்டியல் போட்டால் அது எப்போதும் ஒரே மாதிரி வரும்: வனத்துறை, வருவாய்த்துறை, நீர்வளத்துறை, வேளாண்துறை, ஒரு பல்கலைக்கழகம், இரண்டு தொண்டு நிறுவனம், கடைசி வரியில் ‘விவசாயிகள் பிரதிநிதி’. இந்தப் பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஆனால் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. மரத்தில் தொடங்குங்கள். ஒரு சீமைக்கருவேல மரம் வெட்டப்பட்டால் அதன் ஒவ்வொரு துண்டும் யார் யார் கைக்குப் போகிறது என்று பின்னாலேயே போங்கள்.

ராமநாதபுரத்தில் அது இப்படிப் போகும். மழை பொய்த்துத் தரிசாகக் கிடக்கும் பட்டா நிலத்தில் தானாக வளர்ந்த மரங்களை, நிலத்துக்காரர் விறகு வியாபாரிக்கு மொத்தமாகப் பேசிவிடுவார். வெட்டுவதற்குக் கூலிக் குடும்பங்கள் வரும். வெட்டு முடியும்வரை காட்டிலேயே கொட்டகை போட்டுத் தங்கும். தூரும் பருத்த கட்டையும் மூட்டத்துக்குள் போகும். மண் பூசி மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுப்பார்கள். கரி மூட்டை மூட்டையாக வெளி மாநிலம் வரைக்கும் போகும். நடுத்தரக் கட்டை செங்கல் சூளைக்கும் பேக்கரிக்கும் டீக்கடைக்கும். சிறு கொப்பு உயிரிக்கழிவு மின் நிலையத்துக்கு. மிச்சம் கிடக்கும் சுள்ளியைப் பெண்கள் தலைச்சுமையாகக் கட்டிப் போவார்கள்; சிலிண்டர் இருக்கிற வீட்டிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் அதுதான். நெற்று ஆட்டுக்கு. ஆட்டுக் கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் கீதாரிகளுக்குக் கோடையில் வேறு தீவனம் இல்லாத நாட்களில் அந்த நெற்றுதான் கைகொடுக்கும். அந்த ஆட்டின் புழுக்கை வழியாகத்தான் விதை அடுத்த கண்மாய்க்கும் போகிறது.

இனி இழப்பவர்களின் பக்கம். கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாய் முழுக்க முள் அடைத்துக்கொண்டதால், பாசனத்துக்குத் தண்ணீர் இல்லாமல் போன ஆயக்கட்டுக்காரர். மீன்பாசிக் குத்தகை எடுத்து வலை வீச இடமில்லாமல் போனவர். மாட்டுக்குப் புல் இல்லாமல் போனவர். அப்புறம் பஞ்சாயத்து. கண்மாய்க்குள் நிற்கும் மரத்தை ஏலம் விட்டு வரும் காசு சில ஊர்களுக்குப் பெரிய வருமானம். ‘வேரோடு எடுத்துவிட்டால் அடுத்த ஏலம் எதற்கு?’ என்ற கணக்கு யார் வாயிலும் வராது. ஆனால் கூட்டம் முழுக்க அது நடுவில் உட்கார்ந்திருக்கும். நீங்களாக அதை எடுத்து மேசையில் வையுங்கள். கண்மாய் யாருடையது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளது நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். தவறான துறைக்காரரை வைத்துக்கொண்டு எடுக்கும் தீர்மானம் எந்தக் கோப்பிலும் ஏறாது.

மலைக்குப் போனால் ஆட்களே வேறு. தோடர்களுக்கு எருமை மேயப் புல்வெளி வேண்டும். அந்தப் புல்வெளியைத்தான் சீகை தின்கிறது. முதுமலை, கூடலூர்ப் பக்கம் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர்; உண்ணிச்செடிப் புதருக்குள் யானை நிற்பது தெரியாமல் விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் அவர்கள்தான். தைலம் காய்ச்சுகிறவர்கள் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசை நம்பி இருக்கிறார்கள். எஸ்டேட்காரர்கள், காகித ஆலை, சுற்றுலா விடுதிகள். வன உரிமைச் சட்டம், 2006-ன் கீழ் உரிமை உள்ள ஊர்களில் கிராம சபையைக் கேட்காமல் காட்டுக்குள் எந்தத் திட்டமும் எழுதக் கூடாது. அங்கே அந்த ஊர்க்காரர்களைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைப்பது முறையே அல்ல. காட்டையும் உயிரினங்களையும் காக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டமே கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது.

நர்சரிக்காரர்களை அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாலையோரம் மரம் நடும் நெடுஞ்சாலைத் துறையையும், மனைப்பிரிவில் பூங்கா போடுபவர்களையும் கூட. உண்ணிச்செடியும் மஞ்சள்கொன்றையும் பூவைக் காட்டித்தான் உள்ளே வந்தன. அடுத்தது எது வரப் போகிறதோ, அது இப்போது ஏதோ ஒரு நர்சரியின் பிளாஸ்டிக் பையில் இருக்கும். இவர்களை எதிரியாக நடத்தாதீர்கள். எதை விற்கக் கூடாது என்று சொல்லும் அதே கூட்டத்தில், மாற்றாக எந்த நாட்டுச் செடியை யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதையும் சொல்லுங்கள். அரசு நடும் மரங்களே அந்த மாற்றுப் பட்டியலில் இருந்து வாங்கப்பட்டால், நர்சரிகள் தானாகத் திரும்பும்.

எங்கே, எப்போது

கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் கரிமூட்டக்காரர் வரமாட்டார். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. மூட்டம் புகையும்போது அதை விட்டுவிட்டு வரவும் முடியாது, காற்றுப் புகுந்தால் உள்ளே எல்லாம் சாம்பல். அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். வரச் சொல்கிறீர்கள் என்றால் அன்றைய கூலியைக் கொடுங்கள். அதற்குத் திட்டச் செலவில் ஒரு தலைப்பு ஒதுக்குங்கள். அதிகாரிக்குப் பயணப்படி உண்டு, பேராசிரியருக்கு மதிப்பூதியம் உண்டு, தன் பிழைப்பைப் பற்றிப் பேச வருகிறவருக்கு மட்டும் டீயும் பிஸ்கட்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

காலமும் முக்கியம். ராமநாதபுரத்தில் மானாவாரி நெல் விதைப்பு ஆவணி, புரட்டாசியில். தை, மாசியில் அறுப்பு. அதற்கப்புறம் பங்குனி, சித்திரையில் விவசாயி ஓய்வாக இருப்பார், வெட்டுக்காரரும் மூட்டக்காரரும் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். ஒரே கூட்டத்தில் இரண்டு தரப்பும் வருவார்கள் என்று எதிர்பார்க்காமல் இரண்டு பருவத்தில் வையுங்கள். மலையில் ஆடி மழையில் வைக்காதீர்கள். கீதாரிகளை ஊரில் தேடாதீர்கள். கிடை எந்த ஊரில் என்று விசாரித்து, பொழுது சாய்ந்து ஆடு அடைத்தபின் போங்கள்.

பெண்களோடு தனியாகப் பேச வேண்டும். ஊர்க் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று எதுவும் சொல்லாமல் போன ஒரு அக்கா, பிறகு ஊருணிக் கரையில் என்னிடம், “வெட்டுங்க தாயி, வேணாங்கல. அடுப்புக்கு எங்க போறதுன்னு மட்டும் சொல்லிட்டு வெட்டுங்க” என்றார். ஆண்கள் பேசிய கூட்டத்தின் குறிப்பில் அடுப்பு என்ற சொல்லே இல்லை.

கிராம சபையைப் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஆறு நாட்கள் இருக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனால் தட்டச்சு செய்த தீர்மானத்தைக் கொண்டுபோய் வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால் அது கருத்துக் கேட்பு ஆகாது. மார்ச் கூட்டத்தில் கேள்வியை மட்டும் வையுங்கள். ஆகஸ்டில் பதிலைக் கேளுங்கள். நடுவில் ஊர் பேசிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. புறம்போக்கில் வெட்டுகிறவர், மேய்க்கிறவர், குடியிருப்பவர் எல்லோரும் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். யார் எதைச் சொன்னார் என்று பெயரோடு எழுதிவைத்தால், நாளை அந்தக் காகிதமே நில ஆக்கிரமிப்பு நோட்டீசுக்கு ஆதாரமாகலாம். தொழிலை எழுதுங்கள், ஊரை எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள். இதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

என்ன கேட்பது

‘இந்த மரம் வேண்டுமா, வேண்டாமா?’ என்று கேட்காதீர்கள். கை தூக்கும் எண்ணிக்கைதான் கிடைக்கும். நான் கேட்பது இவை: போன வருஷம் இந்த மரத்தால் வீட்டுக்கு என்ன வந்தது? இது இல்லாத காலத்தில் இங்கே என்ன நின்றது? முதலில் எந்தப் பக்கத்தில் முளைத்தது? எந்த மாதத்தில் வெட்டினால் திரும்பத் தழைக்கவில்லை? நாளைக்கே ஒன்றுகூட இல்லை என்றால், முதல் ஒரு மாதம் உங்கள் வீட்டில் எது மாறும்?

பிறகு தரையில் கோலப்பொடியால் கண்மாயை வரையச் சொல்லுங்கள். கரை, மடை, மிகைநீர் வழியும் கலுங்கு, உள்வாய், வரத்துக்கால், அதற்கு மேலே மேய்ச்சல் நிலம், பட்டாத் தரிசு, நத்தம். ஒவ்வொரு இடத்திலும் மரம் எப்படி நிற்கிறது, எடுத்தால் என்ன ஆகும் என்று இடம் இடமாகப் பேசுங்கள். உள்வாயிலும் வரத்துக்காலிலும் முழுக்க எடுக்க வேண்டும் என்பதில் அநேகமாகச் சண்டையே வராது, மூட்டக்காரர்கூட ஒத்துக்கொள்வார். கரை என்று வந்ததும் பழைய நீர்ப்பாய்ச்சிகள் குரல் கொடுப்பார்கள்: கரைக்குள் ஓடியிருக்கும் தூரை ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் கரை இளகும், அடைமழையில் உடைப்பெடுக்கும். அப்படியானால் கரையில் மட்டும் வேறு முறை: கையால் வெட்டி, தழைக்கத் தழைக்கக் கிள்ளி, பக்கத்திலேயே பனங்கொட்டை ஊன்றி, மெல்ல மாற்றுவது. பட்டாத் தரிசில் இன்னொரு முறை: வெட்டலாம், விற்கலாம், ஆனால் நெற்று முற்றுவதற்கு முன் வெட்ட வேண்டும், கண்மாயை ஒட்டிய ஓரத்தில் ஒரு பட்டையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஒரே மரம், ஒரே ஊர், மூன்று முடிவு. இந்தக் கோலத்தைப் படம் எடுத்துக் கொள்கையின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். பத்துப் பக்க விளக்கத்தைவிட அது தெளிவாக இருக்கும்.

பட்டியல்

எந்தச் செடியைப் பட்டியலில் சேர்ப்பது என்பது நிபுணர் வேலை. ஆனாலும் அளவுகோலை எல்லோரும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒரு செடி களையாக மாறுமா என்று பார்க்க 49 கேள்விகள் கொண்ட மதிப்பீட்டு முறை வைத்திருக்கிறார்கள். பல நாடுகள் அதைத் தங்கள் மண்ணுக்கு மாற்றிப் பயன்படுத்துகின்றன. இப்படி ஓர் அளவுகோல் இல்லாமல் பட்டியல் போட்டால் பேர் கெட்ட செடி எல்லாம் முதலிடத்துக்கு வந்துவிடும், இன்னும் நாலு இடத்தில் மட்டும் தலைகாட்டியிருக்கும் செடி பட்டியலுக்கே வராது. எடுப்பதற்குச் சுலபமானது அந்த நாலு இடத்துச் செடிதான். அதற்குப் பட்டியலில் தனி இடம் கொடுங்கள்: கண்டால் யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்குள் யார் வந்து பார்க்க வேண்டும் என்பதோடு.

இடத்துக்கு இடம் வகை மாறலாம் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா முன்மாதிரி. அங்கே 2014 விதிகளில், கட்டாயம் ஒழிக்க வேண்டியது, கட்டுப்படுத்த வேண்டியது, அனுமதி பெற்று வளர்க்கலாம், இருப்பது இருக்கட்டும் ஆனால் புதிதாக நடக் கூடாது என்று வகை பிரித்தார்கள். சீமைக்கருவேல இனத்துக்கு எல்லா மாகாணத்திலும் ஒரே வகை கொடுக்கவில்லை. கறுப்பு வாட்டிலை அனுமதியோடு வளர்க்கலாம், அனுமதித்த எல்லைக்கு வெளியே முளைத்தால் எடுத்தாக வேண்டும். நம் ராமநாதபுரத்துக்கும் கோடியக்கரைக்கும் ஒரே விதி ஏன் பொருந்த வேண்டும்? கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளி இருக்கிறது. அங்கே விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

ஊர்ப் பெயர்களையும் படத்தையும் பட்டியலோடு சேருங்கள். சீமைக்கருவேலம் ஒரு ஊரில் வேலிக்காத்தான், இன்னொரு ஊரில் டெல்லி முள், தூத்துக்குடிப் பக்கம் உடை. பெயர்க் குழப்பத்தில் நாட்டுக்கருவேலம் வெட்டுப்படுவதைக் கண்ணால் பார்த்தவள் நான், அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் பந்துபோல உருண்டையாக இருக்கும். காய் மணிமணியாக இடைசுருங்கி, மாலைபோலத் தொங்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சளில் நீளமான கதிர். நெற்று இடைசுருங்காமல் நீண்டு மஞ்சளாகப் பழுக்கும். கண்மாய்க்குள் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது பெரும்பாலும் நாட்டுக்கருவேலத்தில். அது போய்விட்ட சில இடங்களில் சீமைக்கருவேலத்திலேயே கட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே குஞ்சு பறக்கும்வரை ஒரு கொப்பைக்கூடத் தொடக் கூடாது. மாற்று மரம் வளர்ந்து ஆளானபின் படிப்படியாக எடுக்க வேண்டும். அதேபோல மலையில் மஞ்சள்கொன்றை என்று சொல்லிக்கொண்டு நம் சரக்கொன்றை மேல் கை வைத்துவிடக் கூடாது.

ஆய்வாளர்களே ஒத்துப்போகாதபோது

பழனி மலையின் சோலைக்காடும் அதை ஒட்டிய புல்வெளியும் எனக்கு நெஞ்சோடு ஒட்டிய விஷயம். கொடைக்கானலைச் சுற்றிய மேட்டுப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் தோப்பாகவும் விவசாய நிலமாகவும் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அப்படியானால் சீகையை எல்லாம் வெட்டித் தள்ளலாமா? அங்கேதான் சிக்கல். பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து வளர்கின்றன. தோப்பை மொட்டையடித்தால் அந்தக் கன்றும் போகும். வெயில் பட்டதும் மண்ணில் கிடக்கும் சீகை விதை ஒட்டுமொத்தமாக முளைக்கும். அந்த விதை 50 ஆண்டுகள் வரைகூட மண்ணில் உயிரோடு கிடக்கக் கூடியது, தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும்.

ஆகவே ஒரு சாரார் பழைய தோப்பை விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் புல்வெளிக்குள் இப்போதுதான் நுழையும் இளங்கன்றுகளை முதலில் பிடுங்கச் சொல்கிறார்கள். இன்னொரு சாரார், தோப்பையும் எடுத்தால்தான் புல்வெளி திரும்பும், ஓடைகளில் நீர் திரும்பும் என்கிறார்கள். நான் முதல் சாராரின் பக்கம். மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவது மலிவு, நிச்சயம். இழந்ததை மீட்பது இரண்டுமே இல்லை. ஆனால் என் கருத்தோ உங்கள் கருத்தோ கொள்கைக்குள் ரகசியமாக ஏறக் கூடாது. இரண்டு வாதத்தையும் எழுதி, எதை, எதனால் தேர்ந்தோம் என்று எழுதி, எந்தத் துண்டு நிலத்தில் மற்ற முறையைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம் என்பதையும் எழுதுங்கள். தோடர் பெரியவர்களையும் இந்த விவாதத்தில் உட்காரவைக்க வேண்டும். எந்தச் சரிவில் எந்தப் புல் நின்றது என்று சொல்லக் கூடியவர்கள் அவர்கள்.

விற்றுத் தீர்க்கலாம் என்ற யோசனை

எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழுந்து, இதை வைத்துத் தொழில் தொடங்கலாமே என்பார். யோசனை கெட்டதல்ல. முதுமலையில் மஞ்சள்கொன்றையைக் காகிதக் கூழுக்காக அரசின் காகித நிறுவனமான டிஎன்பிஎல் எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டில் ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்தார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. அந்தக் கைகளுக்குக் கிடைத்த கூலியும் மரியாதையும் உண்மையானவை.

ஆனாலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. செடியை நம்பி ஆலை வந்துவிட்டால், செடி தீர்ந்துபோகக் கூடாது என்று ஆலை நினைக்கும். ராமநாதபுரத்தின் கரி வியாபாரம் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது. ஆகவே தொழிலுக்கு அனுமதி கொடுக்கும் பிரிவில் மூன்றை எழுதாமல் விடாதீர்கள்: எந்த எல்லைக்குள், எந்த ஆண்டு வரைக்கும், தீர்ந்தபின் அந்த ஆட்களுக்கு என்ன வேலை. அனுமதி எடை அடிப்படையில் இருக்கக் கூடாது, நிலத்தின் பரப்பை வைத்து இருக்க வேண்டும். எடைக்குக் காசு என்றால் பருத்த மரத்தை எடுத்துக்கொண்டு கன்றை விட்டுவிடுவார்கள். அடுத்த அறுவடைக்கு ஆகுமே.

பணம், பின்தொடர்தல்

பெரும்பாலான திட்டங்களில் அகற்றும் செலவு பெரிய எண்ணாக இருக்கும், அதற்குப் பிந்தைய செலவு ஒப்புக்கு ஒரு வரியாக இருக்கும். நான் அதைத் தலைகீழாகப் போடச் சொல்வேன். ஒப்பந்தக்காரருக்கு வெட்டிய அன்றே முழுப் பணமும் கொடுக்காதீர்கள். ஒரு பங்கை நிறுத்திவைத்து, இரண்டு மழைக்காலம் கழித்து இடம் சுத்தமாக இருந்தால் கொடுங்கள். பார்த்துச் சொல்வது ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவாக இருக்கட்டும். உயிரியல் பன்முகச் சட்டம், 2002 அந்தக் குழுவுக்கு இடம் கொடுத்திருக்கிறது. பல ஊரில் அது பலகையில் மட்டும் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க இதைவிட நல்ல வேலை இல்லை.

முறையையும் எழுதுங்கள். உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் தழைக்கும். தரைக்குச் சற்றுக் கீழே, தழைக்கும் முடிச்சுக்கும் கீழே, ஆணிவேரை வெட்டித் தூக்கி, திரும்ப வேர் பிடிக்காதபடி தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். டெல்லிப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் சகாக்களும் வட இந்தியக் காடுகளில் செய்து காட்டிய முறை இது. பழம் பழுக்கும் முன் செய்ய வேண்டும், ஏனென்றால் பறவைகள்தான் விதைக்கின்றன. எடுத்த இடத்தில் அந்த மண்ணின் புல்லும் மரமும் அடுத்த மழைக்குள் இறங்க வேண்டும். வெறுந்தரையாக விட்டால் பார்த்தீனியம் வந்து உட்காரும். ஆகவே நாற்றங்கால் வேலை வெட்டு வேலைக்கு ஒரு வருஷம் முன்னால் தொடங்க வேண்டும். அதில் கூலி வேலை யாருக்கு? வெட்டி, மூட்டம் போட்டுப் பிழைத்த அதே குடும்பங்களுக்கு முதல் உரிமை என்று எழுதுங்கள்.

வரைவைத் திருப்பிக் கொண்டுபோதல்

வரைவு தமிழில் எழுதப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தது கையில் வந்தால், எழுத்தறிந்தவரே இரண்டாம் பக்கத்தில் வைத்துவிடுவார். எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் வாக்கியத்தை உடையுங்கள். சுருக்கத்தை ஒரே தாளில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள்.

அதோடு ஒரு அட்டவணை கட்டாயம். முதல் கட்டத்தில் யார் (தொழில், ஊர் மட்டும்) என்ன சொன்னார்கள், அதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன். ‘கரைக்குத் தனி முறை: ஏற்றோம், பிரிவு இன்னது. பட்டா நிலத்துக்கு விதியே வேண்டாம்: ஏற்கவில்லை, நெற்று அடுத்த நிலத்துக்குப் போவதால்.’ இப்படிச் சுருக்கமாகப் போதும். இந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு முதலில் போன அதே இடங்களுக்குப் போங்கள்: மூட்டம் போடும் காட்டுக்கு, கிடைக்கு, ஊருணிக் கரைக்கு, தோடர் குடியிருப்பான மந்துக்கு. ஏற்காததை முதலில் வாசியுங்கள். கோபப்படுவார்கள், படட்டும், காரணத்தை நேரில் கேட்டுவிட்டுக் கோபப்படுவது வேறு, அரசிதழில் பார்த்துவிட்டுக் கோபப்படுவது வேறு. அங்கே எழும் திருத்தங்களையும் அட்டவணையில் சேர்த்தபின் வரைவு தலைமைச் செயலகம் போகட்டும். மறு ஆய்வு எந்த ஆண்டில், எந்த மாதத்தில், அப்போது யார் யாரைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதைக் கடைசிப் பிரிவில் தொழிலும் ஊரும் சொல்லி எழுதுங்கள், கூலி ஒதுக்கீட்டோடு.